பங்கருக்குள் இருபத்தெட்டு டின்

என் வீட்டில் 'பால் இல்லை' என்ற பேச்சு இனி எழக்கூடாது என்று நான் சபதம் எடுத்து முப்பத்துமூன்று வருடங்கள். மனைவிக்குப் பயந்து நான் கைவிட்ட சபதங்கள் ஏராளம். மீசை போனது. சீட்டாட்டம் போனது. இது ஒன்றைத்தான் விடவில்லை.

போன மாதம், சுவிஸில் நாங்கள் இருக்கும் லாங்கன்தாலில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. ரயில் நின்றது. கடைகள் பூட்டின. வெளியே எது கார், எது புதர் என்று தெரியவில்லை. வாசல் படியில் பனி வழித்து உப்புப் போடுவது அந்தக் கிழமை எங்கள் முறை. நான் உப்பு வாங்க மறந்துவிட்டேன். பயந்து பயந்து மனைவி பிரபாலினியிடம் சொன்னேன். அவள் சோற்றுப் பானையிலிருந்து நிமிரவே இல்லை.

"உப்பைப் பற்றி நீங்கள் யோசியாதேங்கோ. பால்தான் முடிஞ்சுது. இனி வெறுந்தேத்தண்ணிதான்."

எனக்குச் சந்தோசம் வந்தது. அடிக்க வராதீர்கள். இத்தனை வருடமாக இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

இந்த நாட்டில் மாடிவீடுகளுக்குக் கீழே குண்டுக்குப் பதுங்கப் பங்கர் கட்டி வைத்திருக்கிறார்கள். சண்டையே வராத ஊரில், முழங்கை நீளத் தடிப்பில் சீமெந்துக் கதவு. முதன்முதலில் பார்த்தபோது நான் சிரித்தேன். பிரபாலினி சிரிக்கவில்லை. இப்போது அதற்குள் மற்றவர்கள் பழைய சைக்கிள் வைத்திருக்கிறார்கள். எங்கள் மூலையில் என் குழந்தைப் பால்மா. மார்கழிக்கு இரண்டு டின், இந்த வீட்டில் பதினாலு மார்கழி. மலிவாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வருவேன். அவள் ஓம் என்பாள். ஏன் மார்கழி என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்கழி. யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராத காலம். எங்கள் மகள் வேணுகாவுக்கு ஏழு மாதம். பால் இல்லை என்று பிரபாலினி சொன்னாள். கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் மூன்று நாள் நின்றேன். நாலாம் நாள் ஒரு பால்மாப் பைக்கற்றோடு ஓடி வந்தேன். மெலிந்து கிடந்த பிள்ளையை அதற்குள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அந்தப் பைக்கற்றை என்ன செய்தோம் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதும் இல்லை.

ஆகவே அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கீழே இறங்கி ஒரு டின்னைத் தூக்கி வந்தேன். நல்ல பாரம். மூடி தொட்டதும் திறந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். குளிருக்குள்ளிருந்து வந்ததில் மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகார் படிந்து ஒன்றும் தெரியவில்லை. அப்படியே கோப்பைக்கு இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். அவளைக் கூப்பிட்டுவிட்டு, சீனி போதுமா என்று பார்க்க ஒரு மிடறு குடித்தேன்.

தொட்டிக்குள் துப்பினேன். பால்மா பழுதானால் புளிக்கலாம். உப்புக் கரிக்குமா?

பிரபாலினி வாசலில் நின்று டின்னையும் என்னையும் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்தாள்.

"அது பனிக்குப் போடுற உப்பு," என்றாள்.

"மற்ற டின்னுகள்?"

"எல்லாத்துக்குள்ளையும் அதுதான்."

திகதி முடிவதற்கு முன்பே ஒவ்வொன்றாக எடுத்து, மாவைப் பையில் கொட்டி, அகதி முகாமில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மாருக்குக் கொடுத்துவிடுவாளாம். எரித்திரியா, ஆப்கானிஸ்தான், எங்கள் ஊர் என்று எத்தனையோ பிள்ளைகள் குடித்திருக்கிறார்களாம். புதிதாக நான் வாங்கி வைப்பதும் அதே வழியில் போய்க்கொண்டிருந்ததாம்.

"வேணுகான்ரை பால் பங்கருக்குள்ளை கிடந்து பழுதாப் போகலாமோ?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. மார்கழி அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"அப்ப உப்பு ஏன் பிரபா? வெறும் டின்னை வைச்சிருக்கலாமே?"

"மாதம் ஒருக்காப் போய்த் தூக்கிப் பாக்கிறனீங்கள். பாரம் இல்லாட்டி உங்களுக்கு நித்திரை வராது."

நான் அழுதேன். அவளும் அழுதாள். பிள்ளை போனபோது ஆளுக்கொரு மூலையில் இருந்து அழுதோம். ஒன்றாக இருந்து அழுதது அன்றுதான். கோப்பையில் உப்புத் தேநீர் ஆறிப்போனது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள்தான் முதலில் எழும்பினாள். படியெல்லாம் ஐஸ், யாராவது விழப்போகிறார்கள் என்றாள். நான் பங்கரிலிருந்து நாலு டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். பதினாலு வருடம் காவல் காத்ததில் அந்த நாலையும் அரை மணித்தியாலத்தில் படியில் கொட்டி முடித்தேன். மனம் கொஞ்சம் லேசாகியது. இனி எங்களுக்குள் ஒளிப்பு மறைப்பு இல்லை, நானும் இனிப் போய்த் தூக்கிப் பார்க்கப் போவதில்லை என்று அந்தக் குளிரில் இன்னொரு சபதம் எடுத்தேன்.

மேலே யன்னல் திறந்தது.

"அந்த வெறும் டின்னுகளை எறிஞ்சு போடாதேங்கோ. திரும்ப உப்பு நிரப்பி வைக்கவேணும், நீங்கள் தூக்கிப் பாக்கிறதுக்கு."