மூன்று கணவாய்களும் ஒரு முழங்காலும்

துமாஷ் தீர்மானித்துவிட்டார். இனி மலைமேல் குடித்தனம் கிடையாது. கீழே கூர் நகரத்தில், லிப்ட் வைத்த கட்டடத்தில் ஒரு வீடு. விறகு பிளக்க வேண்டாம். பஸ்ஸிலிருந்து இறங்கி மூச்சு வாங்க மேடேற வேண்டாம். சீட்டாட்டச் சிநேகிதர்கள் எல்லோரும் ஏற்கெனவே அங்கே இறங்கிப் போயிருந்தார்கள். வாடகைக்கு விடுபவரிடம் ரகசியமாகப் பேசியும் வைத்துவிட்டார். ஊரின் பெயர் மட்டுமல்ல, தன் யோசனையும் கூராகவே இருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஒரே இடைஞ்சல், மனைவி நேஸா.

"என் முழங்கால் தேஞ்சுபோச்சு, நேஸா. இந்த மேட்டுல இனிமே காலம் தள்ள முடியாது, கூருக்குப் போயிடலாம்."

"மெதுவா ஏறு."

"உனக்கும்தான் வயசாகுது."

"எனக்கா? யார் சொன்னா?"

இப்படிக் கேட்பவளிடம் பேசி ஆகப்போவது என்ன? நடக்க வைத்துத்தான் புரிய வைக்க வேண்டும். ஊருக்குப் பின்னால் ஏறி, மூன்று கணவாய்களைத் தாண்டி, மலையை முழு வட்டமடித்து, பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலுக்கே திரும்பும் பாதை ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முந்தின செப்டம்பரில் இருவரும் அதில் நடந்திருக்கிறார்கள். இப்போது கூட்டிப்போனால் இரண்டாவது கணவாயிலேயே நேஸா உட்கார்ந்துவிடுவாள். 'கீழே போயிடலாம்' என்று அவள் வாயிலிருந்தே வந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை அந்தச் சுத்துப் பாதையில போய்ட்டு வரலாமா? பழைய ஞாபகத்துக்கு."

நேஸா தட்டுத் துடைப்பதை நிறுத்தினாள். "முழங்கால்?"

"ஏறும்போது வலிக்காது. இறங்கும்போதுதான்."

"வட்டமாப் போனா, ஏறின அளவுக்கு இறங்கியாகணுமே."

"வர்றியா, இல்லையா?"

"வராம?" என்றாள். அன்று மாலையே அலமாரிக்கு அடியிலிருந்து பூட்ஸை எடுத்து எண்ணெய் தடவ ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிறு விடியலில் கிளம்பினார்கள். புல்லில் உறைபனி. ஊசியிலை லார்ச் மரங்களின் நுனியில் மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்தது. நேஸா முன்னால் போய், கறுநீலப் பழங்களைப் பறித்துத் தின்று, உதடெல்லாம் ஊதாவாக அவருக்காகக் காத்திருந்தாள். கணவாய் என்ற சொல்லுக்குள் கணவனும் இருக்கிறான், வாயும் இருக்கிறது. முதல் கணவாயின் உச்சியில் கணவன் இருந்தான்; வாயிலிருந்துதான் சத்தம் வரவில்லை.

மூச்சு திரும்பியதும் அவர் சொன்னார்: "இங்கேதான் அன்னிக்கு மூடுபனி. வழி தெரியாம நீ அழுதே."

"அழுதது நீ."

"என் கண்ணுல பனி பட்டுது."

"அந்தப் பனியைத்தான் நான் துடைச்சுவிட்டேன்."

அவருக்கும் ஞாபகம் இருந்தது. அந்தக் கம்பளிக் கையுறை கன்னத்தில் கரகரத்ததுகூட.

முதல் கணவாய்க்கு அப்பால் இறங்கினால் மலையேறிகளின் குடில். அங்கே பார்லி சூப் சாப்பிடும்போது துமாஷ் நிலவரத்தைக் கணக்கிட்டார். மனைவி களைக்கிற மாதிரி தெரியவில்லை. இன்னும் இரண்டு கணவாய் ஏறினால் அவர்தான் கீழே விழுவார். ஆகவே முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"முடியலை, நேஸா. போச்சு. மத்தியானம் பால்வண்டி வரும், ரெண்டு பேரும் அதுல இறங்கிடலாம். இதுக்குத்தான் சொல்றேன், கூர்ல..."

"அடடா," என்றாள் நேஸா. அவர் கால்மேல் தன் சால்வையைப் போர்த்தினாள். "நீ வண்டியில போ. நான் சுத்தி முடிச்சுட்டு வந்துடறேன்."

"தனியாவா?"

"தனியா என்ன? அடுத்த ஏரிக் கணவாய்ல ஃப்ளூரினோட மாட்டுக் கொட்டகை இருக்கே. போனா காபி போடாமலா இருப்பான்?"

சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

ஃப்ளூரின். ஊர் நடனங்களில் எல்லாம் அக்கார்டியன் பெட்டி வாசித்தவன். துமாஷுக்கு முன்னால் நேஸாவைப் பெண் கேட்டவன். மனைவி போய் இரண்டு வருஷமாகிறது. தலைமுடி மட்டும் போகவில்லை.

சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பச்சைப் பாவாடை கட்டிய நேஸா ஞாபகத்துக்கு வந்தாள். நடனம் தெரியாமல் கதவோரமாகச் சுவருக்கு முட்டுக்கொடுத்து நின்ற தானும் ஞாபகத்துக்கு வந்தார். அக்கார்டியனைத் தாண்டி அவள் ஏன் கதவுப் பக்கம் வந்தாள் என்று இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை. இப்போது ஒருவேளை அவளே யோசித்துப் பார்க்கிறாளோ?

சால்வையை உதறிவிட்டு எழுந்தார்.

"பால்வண்டி இன்னும் வரலையே?" என்றாள் குடில்காரி.

"வந்தா போகச் சொல்லு," என்று அவர் சொன்னபோது பாதி மேட்டில் இருந்தார்.

சரளைக்கல் சரிவில் அவர் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, ஒரு மலையாட்டுக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. தொப்பி காற்றில் போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் நேஸா பூட்ஸைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாறைமேல் பிளாஸ்க். இரண்டு குவளைகள். கொட்டகை பூட்டியிருந்தது.

"ஃப்ளூரின் எங்கே?"

"மேய்ச்சல் முடிஞ்சு மாடுங்களை ஓட்டிக்கிட்டுப் போன வாரமே இறங்கிட்டான். மணிச்சத்தம் ஊரெல்லாம் கேட்டுச்சு. நீ தூங்கிட்டிருந்தே."

துமாஷ் மூச்சு வாங்கினார்.

"நீ வர்றதை இங்கேருந்து பார்த்துட்டேதான் இருந்தேன்," என்றாள். "கல்லுக்குக் கல் தாவிக்கிட்டு. வாலிபத்துல கூட நீ இப்படி ஏறினதில்லை. இந்தக் காலுக்கு லிப்ட் எதுக்கு?"

துமாஷ் காபியை வாங்கிக்கொண்டார். ஏரியில் மேகம் ஒன்று மெதுவாக நகர்ந்து போயிற்று. குவளையைக் காலி செய்துவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு நடனத்துல, அவனை விட்டுட்டு ஏன் என்கிட்ட வந்தே?"

நேஸா யோசித்தாள். "அவனுக்கு ரெண்டு கையும் அக்கார்டியன்லயே இருந்துச்சு. உன் கை சும்மா இருந்துச்சு."

மூன்றாவது கணவாயில் பழைய பனி கொஞ்சம் மிச்சமிருந்தது. வழுக்காத இடத்திலும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை.

மறுபக்கம் இறங்கும்போது சாயங்கால வெயிலில் அவர்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. கல்வேய்ந்த சின்னக் கூரை. பக்கத்தில் அவர் கட்டிய விறகுக் கொட்டகை. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற துமாஷ், தோல்வியைக் கௌரவமாக ஒப்புக்கொள்ள முடிவு செய்தார்.

"சரி, நேஸா. கூர் வேண்டாம். அங்கே ரகசியமாப் பேசி வெச்ச வீட்டுக்காரர்கிட்ட நாளைக்கே சொல்லிடறேன்."

"நான் புதன்கிழமையே சொல்லிட்டேன். உனக்குத்தான் போன் பண்ணினார். நீ கொல்லையில விறகு பிளந்துட்டிருந்தே, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானே பேசிட்டேன்."

துமாஷ் நின்றுவிட்டார். "புதன்கிழமையேவா? அப்போ இன்னிக்கு எதுக்கு என்னை மலை மலையா ஏத்தினே?"

"நீயா என்னை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டு எவ்வளவு வருஷமாச்சு?" என்றாள் நேஸா, முன்னால் இறங்கியபடியே. "அதைப் போய் நான் கெடுப்பேனா?"