மாசில்லாத மூச்சு

பழைய மாவு மில்லின் கிடங்கில் அதிசயம் நடப்பதாக நகரமே பேசியது. இருமிக்கொண்டு போகிறவர்கள் சிரித்துக்கொண்டு திரும்புகிறார்களாம். எக்ஸ்ரே வேண்டாம், ஊசி வேண்டாம். குழாயில் ஊதினால் போதும், நோய் தண்ணீரில் இறங்கிவிடும். கண்ணாலேயே பார்க்கலாம்.

கிடங்கில் இன்னும் மாவுத் தூசி பறந்தது. நோயே இல்லாதவன்கூட அங்கே கொஞ்ச நேரம் நின்றால் இருமுவான். நோயாளிகளுக்குப் பஞ்சம் வராத இடமாகப் பார்த்துத்தான் பிடித்திருந்தார் அந்த அதிசய வைத்தியர் மூச்சய்யா.

அந்த வரிசையில் என் தம்பி நிற்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னபோது எனக்குக் காது சுட்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் எவர் முன்னாலும் வாய் பிளந்து நின்றதில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். தம்பி மகளும் உடன் வந்தாள்.

அவளுக்கு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை. அவள் அப்பாவின் நுரையீரலில் கிருமி குடியேறியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கொடுத்திருந்ததும் அந்தக் கூடத்தில் செய்த மருந்துதான். இன்னும் சோதனையில் இருப்பது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் ஒரு பொருளில் மருந்தைப் பொதிந்து, மாவைவிட நைசான பொடியாக்கி, கைக்கு அடக்கமான கருவியில் வைத்து உறிஞ்சச் சொல்கிறார்கள். அது நுரையீரலின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட வேண்டும். பாதியில் நிறுத்தினால் கிருமி முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பும், பிறகு உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

மேடையில் மூச்சய்யாவின் காலடியில் ஒரு கூடை. அது நிறைய அப்படிப்பட்ட கருவிகள். அவரிடம் வைத்தியம் வேண்டுமென்றால் கருவியை முதலில் கூடையில் போட்டுவிட வேண்டும். மறுபடி தொடக் கூடாது.

"இறால் ஓட்ட நெஞ்சுக்குள்ள விடுறாங்க," என்றார் மூச்சய்யா. "உள்ள ஈரமும் இருக்கு, சூடும் இருக்கு. என்ன முளைக்கும்?"

"இறால்," என்றது கூட்டம்.

"எனக்குப் படுத்தா உள்ள கால் ஊர்ற மாதிரி இருக்குங்கய்யா," என்றார் ஒரு தையல்காரர். பாவம், அவர் அந்தக் கருவியைக் கையால் தொட்டதுகூட இல்லை.

மேடையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்று மூச்சய்யாவுடையது, இன்னொன்று நோயாளிகளுக்கு. தன் ஜாடியிலிருந்து கிண்ணத்தில் ஊற்றிக் குழாயால் ஊதினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "மாசில்லாத மூச்சு," என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நோயாளிகளின் ஜாடியிலிருந்து ஊற்றித் தையல்காரரை ஊதச் சொன்னார். தண்ணீர் பால்போல வெளுத்தது. மூச்சய்யா அவர் நெஞ்சைத் தட்டி, காதில் ஊதிவிட்டு, "இப்ப என் தண்ணியில ஊது," என்றார். தெளிவு. நோய் ஓடிவிட்டது. மோதிரமும் தையல்காரரின் விரலைவிட்டு ஓடிவிட்டது.

தம்பி மகள் என் காதருகே குனிந்தாள். "பெரியப்பா, நோயாளிங்க ஜாடியில இருக்கிறது சுண்ணாம்புத் தெளிநீர். யார் ஊதினாலும் வெளுக்கும். நான் போய்ச் சொல்லிடவா?"

"நீ சொன்னா இறால்காரின்னு விரட்டுவாங்க. இரு."

தம்பியின் முறை வந்துவிட்டது. ஒரு கையில் மூச்சய்யா கொடுத்த கிண்ணம். மறு கை கருவியோடு கூடைக்கு மேலே நின்றது. நான் மேடையேறிக் கிண்ணத்தை வாங்கினேன்.

"அண்ணா, நீங்க எதுக்கு இங்கெல்லாம்..."

"நம்ம வீட்டுல பெரியவங்க ஆரம்பிக்காம சின்னவங்க எதையாவது தொட்டதுண்டாடா?"

மூச்சய்யா புன்னகைத்தார். "அப்ப நீங்களே முதல்ல ஊதுங்க பெரியவரே."

"அது முறையாகுமா? இந்தச் சபையில உங்களவிடப் பெரியவர் யாரு? நீங்க ஊதின பிறகுதான் நாங்க." கிண்ணத்தை இரு கையாலும் பணிவாக நீட்டினேன்.

"என்ன மரியாதை பாருங்க," என்று கூட்டம் உருகியது.

"நான்தான் ஏற்கெனவே ஊதிட்டேனே," என்றார் மூச்சய்யா.

"அது உங்க ஜாடி. இது எங்களுக்கு ஊத்தினது. மாசில்லாத மூச்சுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

"ஊதுங்கய்யா, அதையும் பாத்துடலாம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பக்தர்களே கேட்கும்போது எப்படி மறுப்பது? குழாயை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினார்.

"குமிழியே வரலையே," என்றார் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள்.

"மூச்சய்யாவுக்கே மூச்சு வரலையா?" என்றேன்.

ஊதினார். தண்ணீர் வெளுத்தது.

கிடங்கில் இருமல்கூட நின்றுபோயிற்று.

"அடடா, உங்களுக்கு ரொம்ப முத்திப்போச்சே," என்றேன். "கூச்சப்படாதீங்க. கூடையில கருவி நிறைய இருக்கு, ஒண்ணு எடுத்துக்குங்க."

முன்வரிசை அம்மாள் மேடைக்கு வந்து மூச்சய்யாவின் ஜாடியிலிருந்து ஊற்றி, இருமி இருமி ஊதினார். துளி வெளுப்பில்லை. "மாசக்கணக்கா இருமுறேன், என் மூச்சும் சுத்தமாம். இனிமே நான்தான் மூச்சம்மா. வரிசையா வந்து கால்ல விழுங்க."

சிரிப்பும் இருமலுமாகக் கிடங்கு அதிர்ந்தது. தம்பி மகள் மேடையேறிச் சுண்ணாம்பு விஷயத்தை விளக்கினாள். அதற்குள் மூச்சய்யா மாவு மூட்டைகளுக்கு இடையே புகுந்து, அந்தத் தண்ணீரைவிட வெளுத்துப்போய், பின்வாசல் வழியாக மறைந்தார். மோதிரத்தை மறக்கவில்லை. ஜனங்கள் கூடையைக் கவிழ்த்து அவரவர் கருவியைத் தேடினார்கள்.

தம்பியை வெளியே அழைத்து வந்தேன். கருவியை எடுத்தவன் தெருவைப் பார்த்துத் தயங்கினான். "யாராவது பாக்கப்போறாங்க அண்ணா."

"பாக்கட்டும். உள்ள நின்ன மானக்கேட்டவிட இது பெரிசா?"

உறிஞ்சி, மூச்சை அடக்கி, மெல்ல விட்டான். மகள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

தையல்காரர் வெறும் விரலோடு என்னிடம் ஓடி வந்தார். "பெரியவரே, அந்தாளையே ஓட வச்சிட்டீங்க. உங்ககிட்ட ஏதோ சக்தி இருக்கு. என் நெஞ்சுல ஒரு தடவை ஊதிவிடுங்களேன்."

"நெஞ்சு கிடக்கட்டும். முதல்ல தலையைக் கவனிப்பா, தூசி அங்கதான் கனமாப் படிஞ்சிருக்கு. அது யாரு ஊதினாலும் போகாது, நீயேதான் தட்டிக்கணும்."