சார்ஜென்ட் தாத்தாவின் மல்லாந்த தொப்பி

ஓஷன்மியர், நியூ ஜெர்சி
திங்கட்கிழமை

என் பெரும் மதிப்புக்குரிய வினிஃப்ரெட் அக்காவுக்கு,

தம்பி ஆம்ப்ரோஸ் பணிவுடன் எழுதுவது. நீயும் அத்தானும் ஸ்க்ரான்டனில் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, நேற்று நடந்தது எழுத விடவில்லை. ஒழுகும் கூரையைச் சரிசெய்ய நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. உறையைப் பிரிக்காமல் அப்படியே சமையலறை அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மதுவிலக்குக் காலத்துச் சாராயக் கும்பல்களையும் அவர்களிடம் கைநீட்டிய அரசியல்வாதிகளையும் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடர் நம் ஊரில் எடுத்தார்களே, அதில் எனக்குப் போலீஸ்காரர் வேஷம் கொடுத்தார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தேன் அல்லவா, அந்தப் பெருமையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நிஜக் கடற்கரை பத்தடியில் இருக்க, முந்நூறு அடிக்குப் புதிதாக ஒரு மரநடைபாதை போட்டு, கடலுக்கு நீலத்துணி கட்டி, எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும் கம்பளிச் சீருடை மாட்டி, விஸ்கி என்று ஆறிப்போன தேநீரை ஊற்றிக் கொடுத்தார்கள். மேஜையில் தொப்பியைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள், நானும் வைத்தேன். நம் வீட்டு வழக்கப்படி மல்லாக்க வைத்தேன். அங்கேதான் பிடித்தது சனி. அந்தக் காலத்துச் சங்கதிகளைச் சரிபார்க்கும் ரோஷெல் என்ற பெண் பென்சிலோடு ஓடி வந்தாள்.

"ஏன் சார் தொப்பியை இப்படி வச்சீங்க?"

"எங்க வீட்ல வெள்ளிக்கிழமைன்னா இப்படித்தாம்மா. எங்க தாத்தா சார்ஜென்ட் கில்ஹூலி காலத்துப் பழக்கம். தொப்பிக்குக் காத்துப் போகணும்பாராம். வெள்ளிக்கிழமை சாராயக்காரங்க வீட்டுக்கு வந்தா, அதை மேஜையில மல்லாக்க வச்சிட்டு, அவங்க கிளம்புற வரைக்கும் ஜன்னல் வழியா கடலைப் பாத்துட்டே நிப்பாராம்."

சொல்லி முடிக்கும்போதுதான் அக்கா, நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எழுபத்துநாலு வருஷம் மரமண்டையாகவே இருந்திருக்கிறேன்.

"காத்து மட்டும்தான் போச்சா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் எழுதிக்கொண்டாள்.

நான் சொன்னதை அப்படியே என்னை வைத்தே காட்சியாக எடுத்துவிட்டார்கள், நேற்று அது ஒளிபரப்பானது. நான் கடலைப் பார்த்து நிற்கிறேன், தொப்பிக்குள் உறை விழுகிறது, திரை முழுக்க என் முகம். என் முகம் என்றால் தாத்தாவின் முகம்தானே. நகரமன்றத்தில் மாட்டியிருக்கும் அவர் படத்தைப் பார்த்த யாருக்கும் அடையாளம் தெரியும். வருகிற ஞாயிறு கடற்கரை மண்டபத்துக்கு 'நேர்மையாளர் சார்ஜென்ட் கில்ஹூலி' என்று மேயர் டன்ஸ்டல் பெயர் சூட்டப்போகிறார். அப்பா உயிரோடிருந்தவரை கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பெயர். பயத்தில் விடிந்ததிலிருந்து ஒரு வாய் முட்டைகூட இறங்கவில்லை. ரொட்டி வாங்கப் போனால் கடைக்கார சடோவ்ஸ்கி அம்மாள், "ஆம்ப்ரோஸ், தொப்பி தலையிலேயே இருக்கட்டும். கல்லாவைத் திறந்து வச்சிருக்கேன்" என்கிறாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் கார் நின்றால் செய்தித்தாள்காரன் என்று கட்டிலுக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளை மேயரிடம் உள்ளதைச் சொல்லிப் பெயரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். நம் குடும்பத்தில் ஒருவனாவது நேர்மையாக இருந்துவிட்டுப் போகிறேன். நீங்கள் யாரும் ஞாயிறு புறப்பட்டு வர வேண்டாம். அத்தானிடம் சொல், இனி வெள்ளிக்கிழமைகளில் அவர் தொப்பியை ஆணியில் மாட்டட்டும்.

உன் முழங்கால் வலி தீரவும், நம் எல்லோரையும் ஆண்டவர் மன்னிக்கவும் வேண்டிக்கொண்டு,

உன் பயந்த தம்பி,
ஆம்ப்ரோஸ் கில்ஹூலி

பின்குறிப்பு: செவ்வாய் காலை. கடிதத்தை ஒட்டுவதற்குள் மேயரே வந்துவிட்டார். அவர் தொப்பி போட்டு இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. இன்று புத்தம்புதுசாக ஒன்று, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. "பேர் வைக்கிறதுல சின்னச் சிக்கல் ஒண்ணு வந்திருக்கு ஆம்ப்ரோஸ், நாம பேசித் தீத்துக்கலாம்" என்றார். தொப்பியைக் கழற்றி என் மேஜையில் மல்லாக்க வைத்தார். பிறகு ஜன்னலுக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன் அக்கா, சத்தியமாகத் திறந்தேன். கை மட்டும் தானாக அலமாரிக்குப் போய்விட்டது. ஆகையால் கூரை இந்த வருஷமும் ஒழுகும். ஞாயிறு எல்லோரும் தவறாமல் வந்துவிடுங்கள். பலகையில் 'நேர்மையாளர்' என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.