பத்தாண்டு முன்னதாக நடந்த பிரிவுபசாரம்

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி சூர்யபிரகாஷுக்கு,

உன் அக்கா தமயந்தியின் கணவனும், ஆர்.கே.பேட்டை வட்டாரத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியனும், ஐம்பது வயது நிறைந்தவனுமாகிய கஜபதி எழுதுவது. இவ்விடம் நானும் உன் அக்காவும் மலைமேல் இருப்பவன் புண்ணியத்தில் நலம். உன் நலத்தைக் கடிதத்தின் முடிவில், கோபம் இடங்கொடுத்தால், விசாரிக்கிறேன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே: நீ சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஆள் சேர்க்கும் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழி முனைவர் படிப்பிலிருந்து, அதாவது 'கிராமப்புறச் சமுதாயங்களுக்கான கல்வித் தலைமை' என்பதிலிருந்து, என்னை உடனடியாக விலக்கிவிட வேண்டும்.

போன தைக் கிருத்திகைக்கு வந்திருந்தபோது நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "பாவா, உங்கள மாதிரி பார்டர் ஸ்கூல் எச்.எம்.மத்தான் அவங்க தேடிக்கினு கீறாங்க. ஒக்காந்த எடத்துலயே டாக்டரு." உட்காரும் இடத்தை நீ குறிப்பிடவில்லை. பள்ளியின் தெற்கு மூலையில் சிக்னல் இல்லை. வடக்கு மூலையில் உட்கார்ந்தால் ஆந்திரப் பிரதேசம் என்னைக் கைபேசியில் தெலுங்கில் வரவேற்கிறது. முதல் பருவம் முழுவதும் தலைமை என்பது பதவியன்று, பயணம் என்று போதித்தார்கள். இரண்டாம் பருவத்தில் அது பயணமுமன்று, உறவு என்று திருத்திக்கொண்டார்கள். நான் இரண்டையும் அடிக்கோடிட்டுப் படித்தேன். ஊரில் உள்ள அனைவரும் பள்ளியின் பங்குதாரர்கள் என்று ஒரு பாடம். அந்தப் பங்குதாரர்களோ தம் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பள்ளிப்பட்டிலுள்ள ஆங்கிலப் பள்ளியின் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எண்ணிக்கை இன்னும் குறைந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நம் பள்ளியை இணைத்துவிடுவதாக வட்டாரக் கல்வி அலுவலர் வாய்மொழியாக எச்சரித்திருக்கிறார். அப்புறம் நான் எந்தக் கிராமத்துக்குத் தலைமை தாங்கி ஆராய்வது?

இந்நிலையில்தான் என் நெறியாளர், டவுன் பஸ் என்ற ஒன்றைப் படத்தில்கூடப் பார்த்திராத பேராசிரியை, பங்குதாரர் கூட்டம் ஒன்றைக் கூட்டும்படியும், அதைத் தாம் காணொளியில் காண விரும்புவதாகவும் பணித்தார். வீடு வீடாக நேரில் சென்று அழைக்க வேண்டுமாம். குடும்பத்தோடு சென்றால் நம்பிக்கை வளருமாம். விதி என்றால் விதி. அழைப்பிதழ் அச்சிட்டேன். உன் அக்கா, அச்சிட்ட காகிதம் எதுவானாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவாமல் வாசற்படி தாண்ட விடமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். அவள் குங்குமச் சிமிழோடு முன்னே நடக்க, நான் பத்திரிகைகளோடு பின்னே நடக்க, ஊர் முழுவதையும் அழைத்து முடித்தோம். அரசு ஊழியன் ஒருவன் பெண்டாட்டியோடு வந்து மஞ்சள் தடவிய பத்திரிகை வைத்தால் ஊருக்கு இரண்டே அர்த்தம்: ஒன்று மகள் கல்யாணம், இல்லையேல் பணி ஓய்வு. எனக்கு மகள் இல்லை. என் தலைமுடியைப் பார்த்தவர்கள் மற்றதைச் சந்தேகிக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை பள்ளியில் கணினியைத் திறந்து பேராசிரியையைத் திரையில் அமர்த்திய அதே நேரத்தில் தெருமுனையில் பேண்டு வாத்தியம் கேட்டது. பழம், தேங்காய், சுவர்க்கடிகாரம் எனச் சீர்த்தட்டுகள் வந்தன. என் படத்தோடு 'பிரியா விடை' என்ற பதாகை வந்தது. பள்ளிக்கு எதிர்நிலத்துக்காரர் பச்சையப்பன் எனக்குச் சால்வை போர்த்தி, என்னைப் பற்றி இறந்தகாலத்தில் அரை மணி நேரம் பேசினார். நான் மறுக்க வாய் திறந்தபோதெல்லாம் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று எண்ணி இன்னொரு மாலை போட்டார்கள். நம் உதவியாசிரியை சுதா, எல்லாவற்றையும் பேராசிரியைக்கு ஆங்கிலத்தில் பிசகாமல் பெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் விசைத்தறிக் குடியிருப்பு ஜெயம்மா ஒலிபெருக்கியை வாங்கினாள். "சாரு நல்ல மனுசன்தான்ங்க. ஒரு ரூவா தப்பு பண்ணமாட்டாரு. ஆனா எம்பொண்ணு பஸ்ஸ வுட்டு எறங்கி ஓடியாந்தும் பூட்டுன கேட்டாண்ட நின்னு அழுதுகினு இருந்துச்சு. வர்ற சாராச்சும் தெறந்து வெக்கட்டும். நாளைக்கே எங்க தெரு பசங்கள எல்லாம் இட்டாந்து சேக்கறோம்." கைத்தட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. எனக்குக்கூட யாரும் அவ்வளவு தட்டவில்லை.

பள்ளி ஒன்பது மணிக்குத் தொடங்கும்; ஒன்பதுக்குக் கேட்டைப் பூட்டுவேன்; டவுன் பஸ் ஒன்பதேகாலுக்கு வந்தால் அது போக்குவரத்துத் துறையின் குற்றம். இதை அங்கே சொல்ல விடாமல் சுதா என் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாள் குடியிருப்பே திரண்டு வந்தது. "சார், அட்மிஷன் முடியறவரைக்கும் நீங்க அரிசி ரூமுல இருங்க" என்றாள் சுதா. பள்ளியின் நலன் கருதி இசைந்தேன். சேர்க்கைக்குத் தலைமையாசிரியர் கையெழுத்து தேவை. எனவே சத்துணவு அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று, சுதா ஜன்னல் வழியே நீட்டிய தாள்களில் கையெழுத்திட்டேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கும். ஆனால் ஜெயம்மா, அலுவலக உபயோகத்துக்கு என்று தெளிவாக அச்சிட்ட கட்டத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கியதை ஜன்னலில் பார்த்தேன். மனிதனாகப் பிறந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

தறிக்காரர் மணவாளன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், இன்னும் போவலியா?"

எனக்கு இன்னும் பத்தாண்டு பணி இருப்பதை அரசாணையுடன் விளக்கினேன். பத்தாண்டு என்றதும் ஜெயம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். மணவாளன் அவளை நிறுத்திவிட்டு என்னிடம் நிதானமாகச் சொன்னார். "நீங்க இருங்க சார். அந்தப் பூட்டு மட்டும் ரிட்டையர் ஆவட்டும். வியாழக்கெழம வரைக்கும் பாக்குறோம், இல்லாங்காட்டி வேனுதான்." பூட்டு தளவாடப் பதிவேட்டில் ஏறியது, மேலதிகாரி உத்தரவின்றி அதைக் கழிக்க இயலாது என்று பதிலளித்தேன். "ஆங்" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

இவை அனைத்துக்கும் காரணம் உன் படிப்பு. அது இல்லாதவரை என்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பது எனக்குத் தெரியாமலே பள்ளி அமைதியாக நடந்துவந்தது. ஆகவே விலக்கல் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். உன் மனைவி கல்பனாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். தணிகை முருகன் உனக்கு வேறொரு நல்ல வேலையை விரைவில் அருள்வானாக.

இப்படிக்கு,
உன் பாவா,
மு. கஜபதி

பின்குறிப்பு (புதன் காலை): அஞ்சலில் சேர்க்குமுன் பேராசிரியையின் மின்னஞ்சல் வந்தது. ஒரு தலைவரை ஊரார் முகத்துக்கு நேரே இவ்வளவு நேர்மையாக மதிப்பிட்டு அவர் எந்த ஆய்விலும் கண்டதில்லையாம். ஆய்வேட்டின் ஐந்தாம் இயலுக்கு நான் ஏதேனும் ஒரு மாற்றம் செய்து, விளைவைப் பதிவு செய்ய வேண்டுமாம். உன் அக்கா இந்தக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு, "பத்து வருசம் கழிச்சு மறுபடியும் சால்வை போடுவாங்களா, இல்ல இதுவே போதும்னுடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆகவே மேலே எழுதியவை அனைத்தும் ரத்து. விலக்கல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். தளவாடப் பதிவேட்டில் பூட்டுக்கு எதிரே 'ஆய்வுக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டது' என்று எழுதி, வழங்கியவர் இடத்திலும் பெற்றவர் இடத்திலும் நானே கையெழுத்திட்டிருக்கிறேன். நாளைக் காலை கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, டவுன் பஸ் வரும்வரை ரோட்டோரத்தில் நிற்கப் போகிறேன். ஆய்வுக்காக மட்டும்.