மரம் வளரும் வரை வேன் அனுப்ப வேண்டாம்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களின் சமூகத்திற்கு,

ஐஸ் ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவனும், தங்கள் தங்கையின் கணவனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், தங்கள் தங்கை நலம், புதிதாக நட்ட கன்றும் நலம். அங்கு தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மரச்சாமான் கடையின் வேனும் நலமாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மட்டும் கொஞ்ச நாள் உடம்புக்கு முடியாமல் போனால் நான் வருத்தப்பட மாட்டேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, வெயிலே வராது, வெயில் காலம் பிறந்ததும் வேன் அனுப்புகிறேன், தங்கச்சியும் தையல் மெஷினும் தயாராக இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து தெருவில் எந்த வேன் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடுகிறேன். ஒரு பக்கத்து வழக்கை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா மச்சான்? மறுபக்கத்தையும் கேளுங்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் தங்கையின் மெஷின் ஓசை நின்றுவிடுகிறது. காது முழுக்க இந்தப் பக்கம்தான் இருக்கும்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டு முன்னறை மேற்கு பார்த்தது என்பது தங்களுக்குத் தெரியும். அந்த ஜன்னலோரம்தான் அவள் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சீருடை தைப்பாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வாகை மரம் நின்றது. போன புயலில் அது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தெருவில் சாய்ந்துவிட்டது. மறுநாளே மத்தியான வெயில் நேராக உள்ளே வந்து, மெஷின் மேல் ஏறி, அவள் மடியில் உட்கார்ந்துகொண்டது. தொட்டால் இரும்பு சுடுகிறது, கழுத்தெல்லாம் வேர்க்குரு. நான் அப்போது ஓய்வு பெற்ற புதிது. நாற்காலியில் அமர்ந்து எதிர்ச்சுவரைப் பார்ப்பதையே முழுநேர உத்தியோகமாகக் கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, அடுத்த வெயில் காலத்துக்குள்ள இந்த ஜன்னலுக்கு ஒரு நிழல் வரணும். வரலைன்னா மெஷினைத் தூக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்." அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை மச்சான். நீங்களே கூடப் பிறந்தவர், உங்களுக்குத் தெரியாததா?

உடனே நாற்றுப் பண்ணைக்கு ஓடினேன். அதன் முதலாளிக்கு நான் 'அருமை' என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்தச் செடியைக் காட்டி எதைக் கேட்டாலும் "அருமையா வரும் சார்" என்பதுதான் அவர் பதில். முதலில் நான் பார்த்தது ஓர் ஊசியிலை மரம். பனிமலைப் படங்களில் வருமே, கோபுரம் மாதிரி, லேசாக நீலம் பூசினாற்போல, அந்த ஜாதி. "நம்ம ஊருக்கு வருமா?" என்றேன். "அருமையா வரும் சார்." வாங்கி வந்து நட்டேன். நம் ஊர் எப்படிப்பட்ட ஊர்? உப்பு ஜாடியைத் திறந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் இருக்கும் ஊர். கழற்றி வைத்த செருப்பு ஒரு வாரத்தில் பச்சை மீசை வளர்த்துக்கொள்ளும் ஊர். அந்த மரம் பாவம், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தது. பிறகு உடம்பெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பிடித்துக்கொண்டது. குளிக்க வைத்துப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரம் ஊசி எல்லாம் உதிர்ந்து மீன் முள்ளாக நின்றது. "அது நல்லா இருந்தப்பவே அதோட நிழல்ல ஒரு பூனை படுக்க முடியாது. இது இருந்தா என்ன, போனா என்ன?" என்றாள் உங்கள் தங்கை. நியாயம்தான்.

இரண்டாவதாக அருமை எனக்கு ஒரு படம் காட்டினார். செர்ரி மரமாம். இலையே தெரியாமல் மரம் முழுக்க ரோஜா நிறத்தில் பூ. பார்த்ததும் மனசு போய்விட்டது. நிழலுக்கு நிழல், பூவுக்குப் பூ. உங்கள் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்க, மடியில் பூ உதிர, நான் நாற்காலியில் இருந்து பார்க்க... சரி, அது போகட்டும். "ஒரே ஒரு விஷயம் சார், குளிர்காலத்துல இதுக்கு நல்லாக் குளிர் வேணும். குளிர் பத்தலைன்னா பூக்காது" என்றார் அருமை. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் வாயிலிருந்து ஓர் உண்மை வந்திருக்கிறது, அது யாரிடம் வந்தது பாருங்கள்! நம் ஊரில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஒரு சுற்று குறைத்து வைப்பது, அவ்வளவுதான். வேறு ஆளாக இருந்தால் படத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பான். நானோ வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் குளிரைப் பாளம் பாளமாகத் தயாரித்து லாரியில் ஏற்றியவன். "ஐயா, கொல்லன் தெருவுல ஊசி விக்காதீங்க. குளிர் என் பொறுப்பு" என்று சொல்லி மரத்தைத் தூக்கிவந்துவிட்டேன்.

பழைய ஃபேக்டரிக்குப் போனேன். என் இடத்தில் இருக்கிறவன் நான் வேலை கற்றுக்கொடுத்தவன். உடைந்த ஐஸ் பார் எல்லாம் தினமும் தள்ளுவண்டியில் என் வீட்டுக்கு வரும்படி ஏற்பாடு. செர்ரியைச் சுற்றி வட்டமாக அடுக்கி, மேலே சாக்கு போட்டு மூடினேன். என்ன ஒரு குளிர்காலம் மச்சான்! எங்கள் காம்பவுண்டுக்குள் மட்டும் புகை மாதிரி பனி எழும்பியது. நான் மஃப்ளர் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன். ஆனால் தெருவில் இருப்பவர்களுக்கு ஐஸைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? காலையில் பக்கத்து வீட்டுக்காரர் பிளாஸ்க்கோடு வந்தார், "ஒரு துண்டு போதும், முழங்கால் வீக்கம்" என்று. மத்தியானம் குளிர்பானக் கடைக்காரர் ஒரு வாளியோடு வந்தார். சாயங்காலம் மீன்காரம்மா கூடையோடு உள்ளே வந்து, சாக்கைத் தூக்கி, மிச்ச மீனை மரத்தடியில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, "காலையில வந்து எடுத்துக்கறேன் சார், பூனை வராமப் பாத்துக்குங்க" என்று போய்விட்டார். நான் மரத்தைக் காவல் காத்தேனா மீனைக் காவல் காத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

குளிர் கொடுத்தால் மரம் மகிழும் என்று கணக்குப் போட்டேனே தவிர, ஐஸ் உருகினால் தண்ணீர் ஆகும் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் உத்தியோகத்தில் ஐஸ் உருகுவதற்குள் லாரி கேட்டைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு நடப்பது வாங்கியவர் பாடு. இங்கே வாங்கியவனும் நானே. ஏற்கெனவே சொதசொதவென்று இருந்த மண் சேறாகி, செர்ரியின் வேர் அழுகி, பூ வரவேண்டிய இடத்தில் குடை குடையாகக் காளான் முளைத்தது. அதோடு நின்றதா? தண்ணீர் சுவரில் ஏறி முன்னறைக்குள் வந்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவள் அடுக்கி வைத்திருந்த வெள்ளைச் சீருடைக் கட்டுகளில் கரும்புள்ளி போட்டுவிட்டது. அவள் அளவு நாடாவை எடுத்து மெஷின் மேசையின் நீளம் அகலம் உயரம் பார்த்தாள். "எதுக்கும்மா?" என்றேன். "வேன்ல ஏறுமான்னு பாக்கறேன்" என்றாள். அதற்கு அடுத்த வாரம்தான் தங்கள் கடிதம் வந்தது.

இனிமேல்தான் மச்சான் நல்ல செய்தி. செர்ரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். அவளே வந்து, "செருப்பை மாட்டுங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்றாள். எங்கே என்று கேட்டேன். "இந்த ஊர்ல யாரும் கவனிக்காத மரமெல்லாம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரலாம். யாரும் தண்ணி ஊத்தாம, மருந்து அடிக்காம நல்லா இருக்கறது எதுவோ, அதுதான் நமக்கு." இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். நான் எனக்குப் பிடித்த மரத்தைத் தேடினேன், ஊருக்குப் பிடித்த மரம் எது என்று கேட்கவில்லை.

தினமும் காலையில் நடந்தோம். அவள் இலையைப் புரட்டிப் புரட்டிப் பூசணம் இருக்கிறதா என்று பார்ப்பாள், துணி வாங்கும்போது பார்ப்பதுபோலவே. நான் வேரைப் பார்ப்பேன். தபாலாபீஸ் வாசலில் ஓர் ஆலமரம், நிழல் பிரமாதம், ஆனால் வேர் காம்பவுண்டுச் சுவரைத் தூக்கித் தோளில் வைத்திருந்தது. வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒரு முருங்கை, சட்டென்று வளரும், சட்டென்று ஒடியும். வேண்டாம். நாவல் மரம் நன்றாகத்தான் நின்றது. ஆனால் அடியில் காயப்போட்டிருந்த வேட்டியின் கதியைப் பார்த்ததும் சீருடை தைக்கிறவள் முகம் மாறிவிட்டது. கடைசியில் பஸ் நிலையத்தின் பின்பக்கம் ஒரு மரம் பார்த்தோம். மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம், பஸ் புகை, அக்கம்பக்கத்துக் குப்பை. அதற்கு நடுவில் பளபளவென்று இலையோடு, குடை விரித்தாற்போல நின்றது. அடியில் டிரைவர்களும் கண்டக்டர்களும் ஆளுக்கொரு பக்கம் படுத்திருந்தார்கள். புயலில் ஒரு கிளைகூட ஒடியவில்லையாம். உங்கள் தங்கை அதன் அடியில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். "இதுங்க" என்றாள். புங்க மரம்.

அருமையிடம் போய்ப் புங்கன் கன்று இருக்கிறதா என்று கேட்டோம். மனுஷன் முகம் சுளித்து, "அதையெல்லாம் யார் சார் கேட்டு வாங்கறாங்க? பின்னாடி தானா முளைச்சுக் கிடக்கும், எடுத்துக்குங்க" என்றார். பின்னால் போனால், அவர் மத்தியானத் தூக்கம் போடும் கட்டில் ஒரு பெரிய புங்க மரத்தடியில் கிடக்கிறது! ஊருக்கெல்லாம் செர்ரி, தனக்குப் புங்கன். "இது நல்லா வருமா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். "வரும்" என்றார். அருமையா என்ற சொல் இல்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

இருவரும் சேர்ந்து, சுவரை விட்டு நன்றாகத் தள்ளிக் குழி வெட்டி நட்டோம். ஐஸ் கிடையாது, போர்வை கிடையாது. இப்போது துளிர் விட்டிருக்கிறது மச்சான். செம்பு நிறத்தில் வந்து, பச்சையாக மாறி, வெயிலில் மினுக்கென்று ஒளிர்கிறது. நிழல் இன்றைய தேதிக்கு என் ஒரு செருப்பை மூடுகிறது. போன வாரம் கட்டைவிரலை மட்டும்தான் மூடியது. ஜன்னலை எட்ட இன்னும் சில வருஷம் ஆகும், உண்மையை மறைக்கவில்லை. அதுவரைக்கும் நான் ஒரு வழி செய்திருக்கிறேன். லாரி ஏற்றும்போது பிடிக்கிற பெரிய குடை ஒன்று ஃபேக்டரியில் வாங்கி வந்தேன். மத்தியானம் வெயில் இறங்கியதும் ஜன்னலுக்கு வெளியே நின்று அதைப் பிடித்துக்கொள்கிறேன். சூரியன் நகர நகர நானும் நகர்கிறேன். போகிறவர் வருகிறவர் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். மரம் வளரும் வரை நான்தான் மரம். உள்ளே மெஷின் ஓடுகிறது, நான் ஏதாவது சொல்கிறேன், அவள் ஏதாவது சொல்கிறாள், பொழுது போவதே தெரியவில்லை.

ஆகவே மச்சான், உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், வேனை அனுப்பாதீர்கள். அவள் இல்லாத வீட்டில் அந்த மரம் வளர்ந்து யாருக்கு நிழல் கொடுக்கும்? எனக்குக் குடையே போதுமே. அவள் மெஷின் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம்கூட வராது. இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் எழுதிவிட்டேன். அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் துணி கொடுக்கப் போகிற வழியில்தான் தபால் பெட்டி. உறையை நன்றாக ஒட்டி அவளிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். தங்கள் குடும்பம் தழைத்து, கிளைத்து, பூசணம் அண்டாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஜன்னலுக்கு வெளியிலிருந்து,
தங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு (வேறு கையெழுத்தில்):

அண்ணா, இந்த ஊர் ஈரத்தில் எந்த உறை ஒட்டி நின்றிருக்கிறது? தபால் பெட்டிக்கு வருவதற்குள் தானே திறந்துகொண்டது, படித்துவிட்டேன். நீ நிஜமாகவே வேன் அனுப்புவாய் என்று நினைத்தா உன்னிடம் போனில் புலம்பினேன்? நான் எங்கேயும் வரவில்லை. வரும் எண்ணமும் இருந்ததில்லை. வெயில் ஒரு பெரிய விஷயமா? மெல்லிய வெள்ளைத் துணியில் அந்த ஜன்னலுக்கு ஒரு திரை தைக்க எனக்கு அரை மணி நேரம் ஆகுமா? ஊருக்கெல்லாம் தைக்கிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு மனுஷர் மரம் மரமாக அலைந்தாரே, திரை என்ற சொல் ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை. நானும் சொல்லவில்லை. வேலையை விட்டு வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் அண்ணா. கேட்டால் பதில் இல்லை, சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஏதாவது சொல்லி எழுப்பினால் போதும் என்றுதான் உன் பேரைச் சொல்லி மிரட்டினேன். இப்போது மத்தியானமெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுகிறார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை. அதனால் நீ வேனை அனுப்பாதே. ஆனால் அனுப்பப் போகிறேன், அனுப்பப் போகிறேன் என்று மாதம் ஒரு கடிதம் மட்டும் தவறாமல் போடு. மரம் ஜன்னலை எட்டும் வரை போட்டால் போதும்.