524287 பகை எண் அன்று

சிவமயம்

கொட்டாஞ்சேனை
12.8.2003

வெள்ளவத்தை, உயர்திரு காசிவிஸ்வநாதன் அண்ணன் அவர்கள் சமூகத்துக்கு ஏகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், சிகப்பி, மகள் நாச்சம்மை, டெலிபோன் எல்லோரும் சுகம். அவ்விடத்துச் சுகம் தெரியவில்லை, தாங்கள்தான் பேசுவதில்லையே.

போன வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவீர்கள் என்று சிகப்பி கந்தரப்பம் சுட்டு அடுக்கி வைத்திருந்தாள். தாங்கள் வரவில்லை, பலகாரக்கடை ஸஹாப்தீன்தான் தங்கள் தூதாக வந்தார். "ஒங்கட டெலிபோன் நம்பர் பகை எண்ணாம். அந்த ஊட்டுல பொண்ணெடுக்க ஏலாதாம்" என்று சொல்லிவிட்டு, ஆறு கந்தரப்பமும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் தங்கள் வீட்டுப் பெத்தாள் ஆச்சி போனில் எங்கள் நம்பரைச் சரிபார்த்தபோது, "சாதாரண நம்பர் இல்லை ஆச்சி, பகா எண்ணாக்கும்!" என்றேன். உடனே போனை வைத்துவிட்டார்கள். பிரமித்துப் போனார்கள் என்றல்லவா நினைத்தேன்!

அண்ணே, பகையில்லை, பகா. தன்னையும் ஒன்றையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். இரும்புக்கடையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு வேறு வேலை ஏது? 724 வரை உள்ள நூற்றிருபத்தெட்டுப் பகா எண்களாலும் 524287ஐக் கையாலேயே வகுத்துப் பார்த்தேன், ஒன்றுக்கும் மசியவில்லை. ஒன்றை இரண்டு, நான்கு, எட்டு என்று பத்தொன்பது தரம் இரட்டித்து, வந்ததில் ஒன்றைக் கழித்தால் எங்கள் நம்பர் வந்து நிற்கும், என்ன அழகு! நானூறு வருஷத்துக்கு முன் ஓர் இத்தாலியர் இதைக் கண்டுபிடித்து, நூற்றெண்பது வருஷத்துக்கு மேலாக உலகம் அறிந்த பகா எண்களில் இதுதான் ஆகப் பெரிதாக இருந்ததாம். அப்படிப்பட்டது எங்கள் வீட்டு ஹாலில் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் ஆச்சியிடம் சொன்னதைக் கேட்டு நாச்சம்மை அழுதாள். "இங்க இஸ்கூல்ல முதன்மை எண்ணுனுதான் அப்பா சொல்லித் தர்றாங்க. நீங்க காரைக்குடியில படிச்சதைச் சொல்லாம அதைச் சொல்லியிருந்தா அவங்க அன்னிக்கே தட்டு மாத்தியிருப்பாங்க" என்றாள். பிள்ளைக்குத் தங்கள் மகன் கண்ணப்பனைப் பிடித்திருக்கிறது அண்ணே. என் வாயால் அது கெட்டுப்போகக் கூடாது. பிரிக்கவே முடியாத எண்ணைவிடக் கல்யாணத்துக்கு வேறென்ன ராசி வேண்டும்?

ஆச்சிக்கு வணக்கம், கண்ணப்பனுக்கு ஆசி. எந்த எண்ணாலும் வகுபடாத அன்புடன்,
ஏகப்பன்

பி.கு.: நேற்று உறையை ஒட்டும் நேரத்தில் அறிவித்தல் வந்தது. இனிக் கொழும்பு நம்பர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 2 போட வேண்டுமாம். எங்களுடையது 2524287. மூன்றாலும் வகுபடுகிறது, எழுபத்தொன்பதாலும் வகுபடுகிறது. பகாவும் போயிற்று, பகையும் போயிற்று. தாங்கள் தாராளமாகப் பெண் பார்க்க வரலாம். எனக்குத்தான் இரண்டு வேளையாகச் சோறு இறங்கவில்லை. மனம் கேளாமல் தங்கள் நம்பருக்கு முன்னாலும் ஒரு 2 போட்டு வகுத்துக்கொண்டிருக்கிறேன். இருநூறு எண் தாண்டிவிட்டேன், இன்னும் ஒன்றுக்கும் மசியவில்லை. கல்யாணம் முடியும்வரை ஆச்சியிடம் மூச்சு விடாதீர்கள்.