வாட்ச்மேன் கட்சி

கொரிய நாடகம் பார்க்கிறவர்களுக்குக் காதலைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. காதலிக்க மட்டும்தான் தெரியாது. இருபத்தாறு வயதில் நான் அந்தப் படிப்பில் கரைகண்டிருந்தேன். மழை பெய்தால் யார் குடை பிடிக்க வேண்டும், ஜுரம் வந்தால் யார் கஞ்சி வைத்துத் தர வேண்டும், முத்தக் காட்சியில் கதாநாயகி ஏன் கரண்ட் கம்பியைத் தொட்டவள் மாதிரி முழித்துக்கொண்டு நிற்கிறாள், எல்லாவற்றிலும் எனக்குத் தீர்மானமான கருத்து இருந்தது. (நிஜத்தில் எனக்குக் குடை பிடித்த ஒரே ஆண் எங்கள் அப்பா. அதுவும் தான் மட்டும் நனையாதபடி பிடிப்பார்.)

கருத்தை மனதோடு வைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. ரசிகர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவேன். இந்த நாடகங்களில் பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள். ஒருவன் பணக்காரன், திமிர் பிடித்தவன், கோபம் வந்தால் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவான். இன்னொருவன் சின்ன வயதிலிருந்து கூடவே இருப்பான், அவள் அழுதால் கைக்குட்டை நீட்டுவான், தன் ஆசையை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிடுவான். கடைசியில் அவள் இழுத்தவனையே கட்டிக்கொள்வாள். நான் எப்போதும் இரண்டாவது நாயகன் கட்சி. மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதெல்லாம் காதலே இல்லை என்று மணிலாவில் இருக்கும் ஒரு பெண்மணியோடு நான் போட்ட சண்டையில் குழுவிலிருந்தே என்னைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்தார்கள். அதற்காகக் கட்சி மாறுகிற ஆளா நான்?

அந்தக் காலத்தில்தான் பிரபுவின் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அப்பாவுக்குக் காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறை வேலை. என்ன வேலை என்று இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை. குடியிருப்பும் அதே கெடுபிடிதான். விருந்தாளி யார் வந்தாலும் கேட்டில் ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் வந்தவர் வெளியே போக முடியும். அதனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கோபித்துக்கொண்டு போவதாக இருந்தாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கோபிக்க வேண்டும்.

பிரபுவின் குடும்பம் செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற தமிழ்க் குடும்பம். அவர் பேங்கில் வேலை பார்த்தார். அம்மா காலையிலிருந்தே எனக்குப் பாடம் நடத்தினாள். பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால் கோலம், பாட்டு என்று சொல்ல வேண்டும். கொரியா என்ற நாடே உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கூலில் பிடித்துக்கொண்ட உள்ளூர் உருதுவில் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, இது எதுவும் வாயில் வரக்கூடாது. நானும் தலையாட்டினேன். எனக்குப் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை. ஏற்கெனவே வந்து போன வரன்களைப் போல இவரும் ஒரு பஜ்ஜியோடு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்ததில்தான் எல்லாம் மாறிப்போனது. எல்லாரும் செருப்பை வாசலில் கண்டபடி கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். கடைசியாக வந்தவர் குனிந்து, யாரும் தடுக்கி விழாதபடி எல்லாச் செருப்பையும் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். அவர்தான் மாப்பிள்ளை என்று அம்மா கிசுகிசுத்தாள். இது அப்பட்டமான இரண்டாவது நாயகன் வேலை. நானே காபித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். இந்த இடம் எப்படியும் முடிந்தாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதல் பத்து நிமிஷம் நான் அடக்கத்தின் உருவமாக இருந்தேன். பொழுதுபோக்கு என்னவென்று பிரபுவின் அம்மா கேட்டார். கோலம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. தனக்குக் கோலமெல்லாம் வராது, கொரிய நாடகம்தான் உயிர், அந்த வாரம் முடிந்த ஒன்றைப் பற்றிப் பேச வீட்டில் ஒருத்தரும் இல்லை என்றார். நான் கேசரியைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். அவரோ, அதில் வரும் ரொட்டிக் கடைப் பெண், கூடவே இருந்த டாக்டரை விட்டுவிட்டுப் பணக்காரப் பையனைக் கட்டிக்கொண்டது ரொம்ப சரி என்று சொல்லிவிட்டார்.

ஐயோ, என் டாக்டர்! அவருக்காக நான் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

"எப்படி ஆன்ட்டி சரி? வருஷக்கணக்கா அவளுக்காகவே காத்துக்கிட்டு இருந்தாரே," என்றேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். உறைக்கவில்லை.

"நக்கோ மா, அந்த டாக்டர் பேச்சே எடுக்காதே. காத்துக்கிட்டே நிக்கிறவன் காதலனா, வாட்ச்மேனா?"

வாட்ச்மேன்! மணிலாக்காரி கூட அந்த அளவுக்குப் போனதில்லை. நான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தது யார், மழையில் நின்றது யார், அவள் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்தது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் சோபா நுனிக்கு நகர்ந்து வந்து பதில் கொடுத்தார். கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், அபாரமாக வாதாடினார். அப்பாவும் பிரபுவும் டென்னிஸ் பார்க்கிறவர்களைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் பிரபுவின் பெரியப்பாவைச் சொல்லியாக வேண்டும். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சைனிக்புரியில் வீடு. வெயிலில் காரை விடக்கூடாது என்று நிழல் தேடிப் போனவர், குடியிருப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்போதுதான் வாசலுக்கு வந்தார். நான் கண்ணில் தண்ணீர் முட்ட, "நானா இருந்தா" என்று ஆரம்பித்தது அவர் காதில் விழவில்லை. மீதி மட்டும் விழுந்தது.

"அந்த டாக்டரைத்தான் கட்டிப்பேன். பணம் இருக்குன்னு இன்னொருத்தன் கையைப் பிடிச்சு இழுத்தா, பின்னாலயே போயிடணுமா?"

பெரியப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். என் கண்ணீரைப் பார்த்தார். பிறகு பிரபுவைப் பார்த்தார்.

"டேய், கையைப் பிடிச்சு இழுத்தியாடா?"

பிரபுவின் வாயில் பாதி பஜ்ஜி இருந்தது. இல்லை என்று அவர் தலையாட்டியது பெரியப்பாவுக்குப் போதவில்லை. மனசில் வேறொருவரை வைத்துக்கொண்டிருக்கிற பெண்ணை வற்புறுத்தி உட்கார வைப்பது தர்மமில்லை, அவள் டாக்டரோடு நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு, எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ராணுவத்தில் உத்தரவு கொடுத்துப் பழகிய குரல். நடுவில் பிரபுவின் அம்மா சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அப்பாவோ என்னை உட்கார வைத்து, எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாளாக என்று ரகசிய விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் பஜ்ஜித் தட்டுக்கு அடியில் எண்ணெய் ஊறிக் கிடந்த கேட் சீட்டைப் பார்த்தேன்.

அம்மா தடுத்தாள். மானம் போகிறது, ஆளை அனுப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். எனக்கு வாதத்தில் தோற்றால்கூடப் பரவாயில்லை. இல்லாத டாக்டருக்காக இருக்கிற மாப்பிள்ளையை விட முடியாது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

நினைத்தபடியே கார் கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. சீட்டு இல்லாமல் விடமாட்டேன் என்று காவலாளி தெலுங்கில் சொல்ல, பெரியப்பா இந்தியில் சட்டம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். நான் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"அங்கிள், கதையை முழுசா கேட்டாத்தான் கையெழுத்து," என்றேன்.

பிரபுவின் அம்மா காரை விட்டு இறங்கி, "கேளுங்க மாமா, நான் இவ்வளவு நேரமா அதைத்தானே சொல்றேன்," என்றார். காவலாளியின் கொட்டகை நிழலில், ஒரே ஒரு நாற்காலியில் பெரியப்பாவை உட்கார வைத்து, ரொட்டிக் கடை திறந்ததிலிருந்து கல்யாணம் வரை முழு நாடகத்தையும் சொன்னேன். நான் டாக்டரை உயர்த்திய இடத்திலெல்லாம் பிரபுவின் அம்மா குறுக்கே புகுந்து திருத்தம் சொன்னார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் ஒரு காட்சியைக்கூட விடவில்லை.

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் தீர்ப்பு சொன்னார்.

"அந்த டாக்டருக்கு வாய் இல்லையா? காவலுக்கு நிக்கிற சிப்பாய்கூட 'யாரது'ன்னு ஒரு வார்த்தை கேப்பான்."

என் கட்சி அந்தக் கொட்டகையிலேயே கவிழ்ந்தது. பிரபுவின் அம்மா வெற்றிச் சிரிப்போடு கார் கதவில் சாய்ந்துகொண்டார்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத பிரபு அப்போதுதான் முன்னால் வந்தார். பயந்து போயிருந்தார், பார்த்தாலே தெரிந்தது. ஆனால் நேராக என்னைப் பார்த்தார்.

"பெரியப்பா சொல்றது சரி. நான் கேட்டுடறேன். உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

இந்தக் காட்சியை எத்தனை மொழி வசனத்தோடு பார்த்திருப்பேன்! கதாநாயகி என்ன சொல்ல வேண்டும் என்று எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருப்பேன்! என் முறை வந்தபோது நானும் கரண்ட் கம்பியைத் தொட்டவள் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொரியப் பெண்கள் சரியாகத்தான் நடித்திருக்கிறார்கள். கடைசியில் அம்மா தடை செய்த வார்த்தைதான் வந்தது.

"ஹவ்," என்றேன்.

சந்தோஷத்தில் அவரைப் பார்த்துக்கொண்டே நான் போட்ட கையெழுத்து, கையெழுத்து மாதிரியே இல்லை என்று காவலாளி மறுத்துவிட்டார். அப்பாவைப் போன் போட்டு வரவழைக்க வேண்டியதாயிற்று. அவர் வந்து விஷயத்தைக் கேட்டு, அப்படியானால் டாக்டரே கிடையாதா என்று இரண்டு தரம் உறுதி செய்துகொண்டார். நிச்சயதார்த்தப் பேச்சு அந்தக் கேட்டிலேயே முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு அத்தையாகிவிட்ட பிரபுவின் அம்மாவும் நானும் சனிக்கிழமைதோறும் இன்றும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சண்டை போடுகிறோம். மணிக்கட்டு விஷயத்தில் நான் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுத்ததில்லை. அவரும் இல்லை. எனக்கு அவர் வைத்த பெயர் 'வாட்ச்மேன் கட்சி'. நாங்கள் குரலை உயர்த்தினால் பிரபு எழுந்து போய் வாசலில் செருப்பை அடுக்குவார். பெரியப்பா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுக்கவில்லையே என்று கேட்டுக்கொள்கிறார்.

மகள் பிறந்தபோது எல்லாரும் ஆஸ்பத்திரியில் என் கட்டிலைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். குழந்தையைப் பார்க்க டாக்டர் உள்ளே வந்தார். நல்ல உயரம், களையான முகம். நாடகம் என்று எத்தனை சொல்லியும் சந்தேகம் தீராத பெரியப்பா விறைப்பாக எழுந்து நின்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி பிரபுவின் காதில் ரகசியம் கேட்டார்.

"இவரா அந்த டாக்டர்?"

டாக்டர் திடுக்கிட்டு, என்ன சார் விஷயம் என்றார். குழந்தையை மடியில் வைத்திருந்த அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இவரு இல்ல மாமா," என்றார். "இவருதான் வாயைத் திறந்து பேசுறாரே."